யாருடைய ஆவணம், யாருக்குத் திறக்கும்?

ஒன்ராறியோ மாகாணத்தில் ஊனமுற்றோருக்கான அணுகல் சட்டம் என்றொரு சட்டம் 2005இல் நிறைவேறியது. இருபது வருடங்களில், 2025 ஜனவரி 1ஆம் திகதிக்குள், மாகாணம் முழுவதையும் தடைகளற்றதாக்குவோம் என்பது அதன் வாக்குறுதி. அந்தத் திகதி வந்து போய்விட்டது. வாக்குறுதி நிறைவேறவில்லை என்பதைப் படிக்கட்டுகளுக்கு முன்னால் சக்கரநாற்காலியில் காத்திருப்பவர்கள் சொல்வார்கள். நான் இங்கே பேச வந்தது படிக்கட்டுகளைப் பற்றியல்ல. அச்சட்டத்தின் கீழ் 2011இல் வந்த ஒழுங்குவிதியில், நூலகங்கள் பற்றிய பிரிவில் இருக்கின்ற ஒரேயொரு வரியைப் பற்றி.

கல்வி நிறுவனங்களின் நூலகங்களுக்கு அப்பிரிவு சொல்வது இதுதான்: ஊனமுற்ற ஒருவர் கேட்டால், கிடைக்கக்கூடிய பட்சத்தில், அவருக்கு ஏற்ற வடிவத்தில் நூலையோ சஞ்சிகையையோ தேடிக் கொடுக்கவேண்டும். நல்லது. அதற்கு அடுத்தாற்போல் ஒரு விலக்கு வருகிறது. விசேட சேகரிப்புகள், ஆவணக்காப்பகப் பொருட்கள், அரிய நூல்கள், அன்பளிப்பாக வந்தவை ஆகியவற்றுக்கு இந்தக் கடப்பாடு கிடையாது. பொது நூலகங்கள் இவற்றை விரும்பினால் ஏற்ற வடிவத்தில் கொடுக்கலாம்; கட்டாயமில்லை. அமெரிக்க நீதித் திணைக்களம் மாநில, உள்ளூராட்சி நிறுவனங்களுக்காக 2024 ஏப்ரலில் வெளியிட்ட விதியிலும் இதே மாதிரியான ஒரு விலக்கு உண்டு. பழைய காகிதங்களின் எண்ணிமப் பிரதிகள் ஆராய்ச்சிக்காக மட்டும் தனியிடத்தில் வைக்கப்பட்டிருந்தால் அவற்றை வாசிக்கத்தக்கதாக்கவேண்டிய கட்டாயம் இல்லை.

இதன் அர்த்தம் என்ன? பார்வையற்ற ஒரு மாணவி இவ்வருடத்துப் பாடநூலைக் கேட்டு வாங்கலாம். ஆனால் தன்னைப்போன்ற பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குள் விடக்கூடாது என்று அதிகாரிகள் எழுதிய கடிதத்தையும், அந்தக் கடிதத்தை எதிர்த்துப் பெற்றோர் கூடிப் பேசிய கூட்டத்தின் குறிப்பையும் கேட்டு வாங்குவதற்கு அவளுக்கு இந்த விதியில் இடமில்லை. அவள் 'விசேட தேவை' உள்ள மாணவி. அவளுடைய வரலாறு 'விசேட சேகரிப்பு'. இரண்டு விசேடங்களும் ஒன்றையொன்று சந்திக்கவேண்டிய அவசியமில்லை என்று சட்டம் எழுதியவர்கள் முடிவுசெய்துவிட்டார்கள்!

கல்விக்காக ஊனமுற்றோர் நடத்திய போராட்டங்களின் ஆவணங்களை எண்ணிமப்படுத்தும் வேலை வட அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் நடக்கிறது. அதை நான் எதிர்க்கவில்லை. செய்பவர்களில் பலர் அர்ப்பணிப்புள்ளவர்கள். ஆனால் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. இதை யாரால் வாசிக்கமுடியும்? எதைத் திறப்பது, எதை மூடுவது என்று யார் தீர்மானிக்கிறார்கள்? இவற்றுக்குப் பதில் சொல்லாமல் செய்யப்படும் எண்ணிமப்படுத்தல் பழைய மதிலுக்குப் புதிதாக வெள்ளையடிக்கும் வேலைதான்.

*

மதில் என்பதை நான் உவமையாகச் சொல்லவில்லை. ரொறன்ரோவிலிருந்து காசினோ ராமாவுக்குப் பஸ்ஸேறும் எம்மவர்களுக்கு ஒறிலியா என்ற ஊர்ப்பெயர் தெரிந்திருக்கும். அந்த ஊரில் 1876இல் அரசு ஒரு நிறுவனத்தைத் திறந்தது. அதற்கு வைத்த பெயர் 'மூடர்களுக்கான புகலிடம்'. மூடர் என்பது அன்று வசைச்சொல் மட்டுமல்ல. வைத்தியர்கள் கையெழுத்திட்டுக் கொடுக்கும் ஒரு வகைப்பாடு. பின்னர் பெயர்கள் மாறின. நடுவில் ஒரு காலத்தில் அதற்கு 'மருத்துவமனைப் பள்ளி' என்ற பெயரும் இருந்தது. கடைசியாக ஹுரோனியா பிராந்திய நிலையம்.

'பள்ளி' என்ற அந்தச் சொல்லைக் கவனியுங்கள். பெற்றோருக்கு அந்தச் சொல்லைக் காட்டித்தான் பிள்ளைகளை வாங்கினார்கள். உள்ளே நடந்ததைப் பியர் பேர்ட்டன் 1960 ஜனவரியில் 'ரொறன்ரோ ஸ்ரார்' பத்திரிகையில் எழுதினார்: நெரிசல், துர்நாற்றம், உதிரும் கட்டிடங்கள். எழுதிய பின்னும் அந்த இடத்தை மூடுவதற்கு 49 வருடங்கள் பிடித்தன. 2009 மார்ச் 31இல்தான் கதவு சாத்தப்பட்டது.

அதன்பிறகு, அங்கே வளர்ந்த மேரி ஸ்லார்க், பற்றீசியா செத் என்ற இரண்டு பெண்கள் மற்றெல்லோருக்காகவும் சேர்த்து மாகாண அரசுமீது வழக்குத் தொடுத்தார்கள். 2013 செப்ரெம்பரில், விசாரணை தொடங்கவிருந்த வேளையில், அரசு 3 கோடி 50 இலட்சம் டொலருக்கு இணங்கியது. அவ்வருடம் டிசம்பர் 9ஆம் திகதி முதல்வர் கத்லீன் வின் சட்டசபையில் மன்னிப்புக் கேட்டார். அங்கிருந்தவர்கள் கட்டிவைக்கப்பட்டதையும், தனியறைகளில் அடைக்கப்பட்டதையும், அவர்களுடைய உழைப்பு சுரண்டப்பட்டதையும் அரசின் வாயாலேயே ஒப்புக்கொண்டார்.

இழப்பீடு கொடுத்த விதம்தான் எமது விடயத்துக்கு முக்கியமானது. படிவம் ஒன்று கொடுத்தார்கள். துன்பம் நடந்தது என்று மட்டும் சொன்னவருக்கு 2,000 டொலர்வரை. என்ன நடந்தது, எப்போது, யாரால் என்று விபரமாக எழுதியவருக்கு, துன்பத்தின் அளவுக்கேற்பப் புள்ளியிட்டு, 42,000 டொலர்வரை. எழுதப் படிக்கக் கற்றுக்கொடுக்காத ஒரு 'பள்ளி'யிலிருந்து வெளிவந்தவரிடம், உனக்கு நடந்ததை எழுத்தில் கொடு, எழுத்துக்கேற்பப் பணம் தருகிறோம் என்றது அரசு. மற்றவர்களின் உதவியோடு நிரப்பலாம் என்று இருந்தது உண்மை. பேச்சே வராத ஒருவர் யாரிடம் போய் எதைச் சொல்லி நிரப்புவது? அவருக்கு நடந்ததைச் சொல்லக்கூடிய ஒரே சாட்சி நிறுவனத்தின் கோப்பு. அந்தக் கோப்பை எழுதியவர்களோ, அவரை அடைத்து வைத்திருந்தவர்கள்.

ஆகவே இந்த மாதிரியான சேகரிப்புகளில் நிறைந்திருப்பது காவலாளியின் எழுத்து. அனுமதிப் பதிவு, புத்திக்கூர்மைச் சோதனையின் எண், தண்டனைக் குறிப்பு, மரணப் பதிவு. அங்குள்ள மயானத்தில் பழைய கல்லறைகளில் எண் மட்டும் பொறித்த கற்களை வைத்தார்கள், பெயர் இல்லை. உயிரோடிருக்கும் முன்னாள் வாசிகளும் நண்பர்களும் 'ஒவ்வொரு பெயரையும் நினைவில் கொள்' என்ற பொருள்படும் பெயரில் ஒரு குழுவாக இயங்கி, அங்கு புதைந்தவர்களின் பெயர்களை மீட்க உழைக்கிறார்கள். காவலாளியின் காகிதத்தை மட்டும் ஸ்கான் செய்து வைத்துவிட்டு 'வரலாற்றைப் பாதுகாத்துவிட்டோம்' என்று அறிக்கை விடுவது, எண் பொறித்த கல்லைக் கழுவித் துடைத்து வைப்பதைப் போன்றது. கல் சுத்தமாக இருக்கும். கீழே கிடப்பவர் யாரென்று அப்போதும் தெரியாது.

*

'பழைய காகிதத்தால் என்ன பயன்? இப்போதுதான் எல்லாப் பிள்ளைகளும் பள்ளிக்கூடம் போகிறார்களே' என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகள் எப்படி உள்ளே போனார்கள் என்பதைக் கொஞ்சம் பார்ப்போம்.

பென்சில்வேனியா மாநிலத்தில் ஒரு பிள்ளையைப் 'படிப்பிக்க முடியாதது, பழக்க முடியாதது' என்று உளவியலாளர் சான்றிதழ் எழுதினால் பள்ளிக்கூடம் கைகழுவிவிடலாம் என்று சட்டம் இருந்தது. அம்மாநிலத்துப் பெற்றோர் 1949இல் தொடங்கிய சங்கம் 1971இல் வழக்குப் போட்டது. நிபுணர்களின் சாட்சியத்தைக் கேட்டபின் மாநிலம் இறங்கிவந்தது. அடுத்த வருடம் வொஷிங்டனில் மில்ஸ் வழக்கு. பணமில்லை என்று கல்விச்சபை சொன்னது. இருக்கும் பணத்தைப் பகிருங்கள், பற்றாக்குறையின் சுமையை இந்தப் பிள்ளைகளின் தலையில் மட்டும் இறக்கக்கூடாது என்றது நீதிமன்றம். இவற்றின் தொடர்ச்சியாகவே 1975 நவம்பர் 29இல் எல்லா ஊனமுற்ற பிள்ளைகளுக்குமான கல்விச் சட்டத்தில் ஜனாதிபதி ஃபோர்ட் கையெழுத்திட்டார். எண்பது இலட்சத்துக்கு மேற்பட்ட ஊனமுற்ற பிள்ளைகளில் பாதிக்கு மேற்பட்டோருக்குத் தகுந்த கல்வி இல்லை, பத்து இலட்சம் பேர் பொதுப் பள்ளிக்கூடத்துக்கு முற்றிலும் வெளியே நிற்கிறார்கள் என்று அந்தச் சட்டமே தன் முகப்பில் ஒப்புக்கொண்டது.

ஜூடித் ஹியூமனை எடுத்துக்கொள்ளுங்கள். ஜேர்மனியிலிருந்து சிறுவயதில் தனியே அனுப்பப்பட்டு உயிர்தப்பிய யூதர்களின் பிள்ளை; அகதிகளின் பிள்ளை. போலியோ வந்தபோது, நிறுவனமொன்றில் விட்டுவிடுங்கள் என்று வைத்தியர் சொன்னார். பெற்றோர் மறுத்தார்கள். குடும்பத்திலிருந்து பிரித்தெடுத்து அனுப்புவது எங்கே போய் முடியும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஐந்து வயதில் பள்ளிக்கூடத்துக்குப் போனபோது, சக்கரநாற்காலி தீவிபத்தில் ஆபத்து என்று அதிபர் திருப்பியனுப்பினார். 1970இல் ஆசிரியையாக விண்ணப்பித்தபோதும் நியூயோர்க் கல்விச்சபை அதே காரணத்தைச் சொல்லி மறுத்தது. வழக்குப் போட்டு வென்று வகுப்பறைக்குள் போனார்.

1977 ஏப்ரல் 5இல் சான் பிரான்சிஸ்கோவில் மத்திய அரசுக் கட்டிடமொன்றின் நான்காவது மாடியில் நூற்றுக்கு மேற்பட்ட ஊனமுற்றோர் நுழைந்து உட்கார்ந்தபோது முன்னின்றவர்களில் ஹியூமனும் ஒருவர். அரசுப் பணம் பெறும் எந்தப் பள்ளியும் மருத்துவமனையும் ஊனத்தைக் காட்டிப் பாகுபாடு செய்யக்கூடாது என்ற 1973ஆம் ஆண்டுச் சட்டப்பிரிவுக்கு விதிகளை வெளியிடாமல் அரசு நான்கு வருடங்கள் இழுத்தடித்திருந்தது. ரெலிபோன் துண்டிக்கப்பட்டபோது செவிப்புலனற்ற தோழர்கள் ஜன்னலருகே நின்று சைகைமொழியில் வெளியே செய்தி அனுப்பினார்கள். கறுப்புச் சிறுத்தைகள் கட்சியினர் சுடச்சுடச் சாப்பாடு கொண்டுவந்து கொடுத்தார்கள். ஏப்ரல் 28இல் விதிகள் கையெழுத்தாயின.

இந்த விபரமெல்லாம் இன்று எமக்கு எப்படித் தெரியும்? திணைக்களத்தின் கோப்பில் ரெலிபோன் துண்டிப்பு இருக்கலாம். ஜன்னலில் பேசிய கைகள் இருக்காது. பேர்க்லி பல்கலைக்கழகத்தின் பான்கிறொஃப்ற் நூலகம் இயக்கத்தவர்களிடம் மணிக்கணக்கில் பேசி, ஒலிப்பதிவு செய்து, பேச்சை எழுத்தாக்கி வெளியிட்டது. எழுத்தாக்கியதால் பார்வையற்றவர் கேட்கலாம், செவிப்புலனற்றவர் வாசிக்கலாம். எண்ணிமப்படுத்தல் எப்படி இருக்கவேண்டும் என்பதற்கு இது ஒரு உதாரணம். ஹியூமன் 2023 மார்ச்சில் இறந்தார். அவருடைய தலைமுறை போய்க்கொண்டிருக்கிறது. பதியப்படாதவர்களின் கதை அவர்களோடேயே போகிறது.

தங்கள் ஆவணத்தைத் தாங்களே உண்டாக்கவேண்டும் என்பதை ஊனமுற்றோர் எப்போதோ விளங்கிக்கொண்டார்கள். 1880இல் மிலான் நகரில் கூடிய கல்வியாளர் மாநாடு, செவிப்புலனற்ற பிள்ளைகளின் கல்வியில் சைகைமொழியைத் தள்ளி வாய்ப்பேச்சை மட்டும் வைக்கவேண்டுமென்று தீர்மானித்தது. மொழி அழிந்துவிடும் என்று அஞ்சிய ஜோர்ஜ் வெடிற்ஸ், 1913இல், சினிமா குழந்தையாக இருந்த காலத்தில், கமராவின் முன் நின்று சைகைமொழியிலேயே தன் மொழிக்காக வாதாடினார். அந்தப் படச்சுருள் இருப்பதால்தான் அன்றைய சைகை எப்படி இருந்தது என்பதை இன்று பார்க்கமுடிகிறது. மிலான் தீர்மானத்துக்கு அதே மாநாட்டின் வாரிசுகள் வருத்தம் தெரிவித்தது 2010இல், வன்கூவரில். நூற்று முப்பது வருடங்கள்!

*

இனி மறுதரப்பின் வாதங்களுக்கு வருவோம்.

முதலாவது: 'ஸ்கான் செய்தாகிவிட்டது, எல்லோரும் பார்க்கலாம்.' பார்க்கலாம் என்ற சொல்லிலேயே பதில் இருக்கிறது. ஸ்கான் செய்த பக்கம் என்பது பக்கத்தின் படம். பார்வையற்றவரின் கணனியிலிருக்கும் வாசிப்பு மென்பொருளுக்கு எழுத்து வேண்டும்; படத்தின் முன்னால் அது வாயடைத்து நிற்கும். அச்செழுத்தை இயந்திரம் ஓரளவு எழுத்தாக மாற்றித் தரும். நிறுவனக் கோப்புகளிலோ கையெழுத்து, மங்கிய ரைப்ரைற்றர் பிரதி, ஓரத்தில் கிறுக்கிய குறிப்பு. அவற்றை ஒரு மனிதர் இருந்து வாசித்துத் தட்டச்சவேண்டும். புகைப்படத்தில் என்ன இருக்கிறது என்று ஒருவர் எழுதவேண்டும். ஒலிநாடாவை எழுத்தாக்கவேண்டும். புத்திசார் ஊனமுள்ள ஒருவருக்கு, அவருடைய கோப்பில் எழுதியிருப்பதை எளிய வசனங்களில் சொல்லவேண்டும். ஹெலன் கெல்லரின் கடிதங்களும் கட்டுரைகளும் கொண்ட தொகுப்பை அமெரிக்கப் பார்வையற்றோர் அறக்கட்டளை 2018இல் இந்த முறையில்தான் வெளியிட்டது. செய்யமுடியாது என்று யாரும் சொல்லவேண்டாம். செய்திருக்கிறார்கள்.

இரண்டாவது: 'பணமில்லை.' இதற்கு மில்ஸ் வழக்கின் தீர்ப்பே பதில். ஐயாயிரம் பக்கத்தை யாரும் வாசிக்கமுடியாத படமாக்கப் பணம் இருக்கிறதென்றால், ஆயிரம் பக்கத்தை எல்லோரும் வாசிக்கத்தக்கதாக்கவும் பணம் இருக்கிறது. எண்ணிக்கையைக் காட்டி மானியம் வாங்கும் பழக்கம்தான் இங்கே தடை. எத்தனை பக்கம் என்று கேட்கிறார்கள். எத்தனை பேர் வாசித்தார்கள் என்று கேட்பதில்லை.

மூன்றாவது வாதம் கொஞ்சம் பாரமானது: 'இவை மருத்துவக் கோப்புகள். அந்தரங்கம். திறந்தால் இவர்களுக்கே அவமானம்.' இதை நான் தட்டிக்கழிக்கவில்லை. ஒரு பிள்ளை படுக்கையை நனைத்ததையும், அடிவாங்கியதையும், நிர்வாணமாக நின்றதையும் உலகம் முழுவதும் பார்க்க விரித்துவைப்பது இரண்டாவது வன்முறை. ஆனால் அந்தரங்கம் யாருடையது? இன்று தன் சொந்தக் கோப்பைப் பார்க்கவே முன்னாள் வாசி ஒருவர் தகவல் சட்டத்தின் கீழ் அரசுக்கு மனுப்போடவேண்டும். அடைத்து வைத்த அரசே இப்போது அந்தரங்கத்தின் காவலாளி. அந்தக் கோப்பில் மறைக்கப்படுவது எப்போதும் பிள்ளையின் அவமானம்தானா, சில வேளைகளில் ஊழியரின் குற்றமுமா என்று கேட்கும் உரிமை எமக்கு இருக்கிறது.

வழி ஒன்று கனடாவிலேயே காட்டப்பட்டிருக்கிறது. பூர்வகுடிப் பிள்ளைகளின் வதிவிடப் பள்ளிகளில் நடந்த கொடுமைகளுக்கான இழப்பீட்டு விசாரணைகளின் பதிவுகளை என்ன செய்வது என்ற கேள்வி உச்சநீதிமன்றம்வரை போனது. 2017 ஒக்ரோபரில் நீதிமன்றம் சொன்னது: 15 வருடங்கள் வைத்திருந்து அழிக்கவேண்டும், ஆனால் தன் பதிவு நிலைக்கவேண்டும் என்று விரும்புகிறவர் அதைத் தேசிய ஆவணநிலையத்தில் வைக்கும்படி கேட்கலாம். அந்தத் தீர்ப்பில் குறைகள் உண்டு. இறந்துபோனவர்கள் எப்படி விரும்புவார்கள் என்று பலர் கேட்டார்கள். ஆயினும் அடிப்படை சரி. தீர்மானம் துன்பப்பட்டவரிடம் இருக்கவேண்டும். ஒறிலியாவில் வளர்ந்தவர்களிடம் இதைக் கேட்டால் அவர்களுக்குத் தீர்மானிக்கத் தெரியாது என்பார்கள். படிப்பிக்க முடியாதவர்கள் என்று முன்பு எழுதிய அதே பேனாதான் இதையும் எழுதுகிறது.

நான்காவது: 'பழசைக் கிளறவேண்டாம்.' கிளறாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்குப் பென்சில்வேனியாவின் பென்ஹேர்ஸ்ற் சாட்சி. 1908இல் திறந்து 1987இல் மூடிய அந்த நிறுவனத்தின் நிலைமைதான் அங்கே கல்வி வழக்குக்கும் தூண்டுகோல்களில் ஒன்று. அதே கட்டிடங்களில் 2010 முதல் ஹலோவீன் காலத்தில் பேய்வீடு நடத்துகிறார்கள். ரிக்கற் வாங்கி உள்ளே போனால் பயங்கர நோயாளி வேடமிட்டவர்கள் மேலே பாய்வார்கள். ஊனமுற்றோர் அமைப்புகள் எதிர்த்தும் வியாபாரம் நடக்கிறது. மக்களின் கையில் வரலாறு இல்லாத இடத்தில் பேய்க்கதை வந்து உட்காரும்.

பழசு நீதிமன்றத்திலும் உதவுகிறது. வன்கூவருக்கு வடக்கே ஒரு கல்விச்சபை செலவைக் குறைக்கவென்று, எழுத்து வாசிப்பதில் கடும் சிரமமுள்ள பிள்ளைகளுக்கு உதவிவந்த நிலையத்தை மூடியது. ஒரு தகப்பன் மனித உரிமை முறைப்பாடு செய்தார். 2012இல் உச்சநீதிமன்றம் மூர் குடும்பத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. அதே வேளையில் வெளிப்புறக் கல்விக்கான இன்னொரு திட்டத்தைச் சபை மூடாமல் விட்டிருந்தது, வேறு வழிகளைச் சரியாக ஆராயவேயில்லை என்பதெல்லாம் தீர்ப்பில் எடைபோடப்பட்டன. இவை எங்கிருந்து வந்தன? சபையின் வரவுசெலவுக் கணக்கிலிருந்தும், அங்கே பணியாற்றியவர்களின் சாட்சியத்திலிருந்தும். வழக்கு முடியப் பதினைந்து வருடங்களுக்கு மேல் பிடித்தது. காகிதங்கள் குப்பைக்குப் போயிருந்தால்?

*

இப்போது எம் வீட்டுக்கு வருவோம். 'இது வெள்ளைக்காரரின் பிரச்சினை, எமக்கென்ன?' என்று இதை வாசிக்கும் ஒருவர் நினைக்கக்கூடும்.

ஸ்காபரோவில் எத்தனையோ தமிழ்ப் பெற்றோர் தங்கள் பிள்ளைக்கான விசேட கல்விக் கூட்டத்துக்குப் போய், நீட்டிய தாளில் கையெழுத்து வைத்துவிட்டு வருகிறார்கள். ஒன்ராறியோவில் ஒவ்வொரு கல்விச்சபையும் இப்படியான பிள்ளைகளுக்குக் கல்வி கொடுத்தே ஆகவேண்டும் என்ற சட்டம் 1980இல்தான் வந்தது. முழுதாக நடைமுறைக்கு வர 1985 ஆனது. அதற்கு முன் இதே பிள்ளை ஒறிலியாவில் இருந்திருக்கலாம். எம்மவர்கள் அதைச் சலுகை என்று நினைக்கிறார்கள். சண்டைபிடித்து வாங்கிய உரிமை என்பது தெரிந்தால், கையெழுத்து வைக்குமுன் இரண்டு கேள்வி கேட்பார்கள். பக்கத்து வீட்டாருக்குத் தெரியாமல் பிள்ளையை ஒளிப்பதையும் ஒருவேளை நிறுத்துவார்கள்.

ஊரில்? இரத்மலானையில் 1912இல் தொடங்கிய செவிப்புலனற்றோர், பார்வையற்றோர் பள்ளி; கைதடியில் 1956இல் தொடங்கிய நஃபீல்ட் பள்ளி. யுத்தத்தினூடாக அந்தப் பிள்ளைகள் எப்படிப் படித்தார்கள்? ஷெல் விழும் ஓசை கேட்காத பிள்ளையை யார் கையைப் பிடித்து பங்கருக்குள் இழுத்தார்கள்? பாடசாலை அனுமதியில் ஊனத்தைக் காட்டிப் பாகுபாடு செய்யக்கூடாது என்று இலங்கையில் 1996இலேயே சட்டம் வந்துவிட்டது. அதற்குப் பிறகு எத்தனை அதிபர்கள் 'இங்கே வசதியில்லை, தங்கச்சி' என்று தாய்மாரைத் திருப்பியனுப்பினார்கள்? எம் நினைவுக்குறிப்புகளில் இவையெல்லாம் எங்கே? எமது எழுத்தில் ஊனமுற்றவர் இரண்டு வேடத்தில் வருகிறார்: மேடையில் வீரர், நிதி சேகரிக்கும் துண்டுப்பிரசுரத்தில் செயற்கைக் காலோடு நிற்கும் சிறுவன். வாங்கில் உட்கார்ந்து பாடம் படித்த மாணவனாக வருவதேயில்லை.

97,000 நூல்கள் 1981இல் எரிந்ததை ஒவ்வொரு வருடமும் நினைவுகூரும் சமூகம் நாம். அந்த இழப்பின் வலியிலிருந்துதான் 2005இல் தொடங்கிய நூலகம் போன்ற எண்ணிம முயற்சிகளுக்குத் தொண்டர்கள் கிடைத்தார்கள். அவர்களுடைய உழைப்புக்கு நான் தலைவணங்குகிறேன். ஆனாலும் இதைக் கேட்டே ஆகவேண்டும். எங்கெங்கும் சேர்ந்திருக்கும் எம் பழைய சஞ்சிகைகளின் பக்கங்களில் எத்தனையைப் பார்வையற்ற ஒரு தமிழ் மாணவி வாசிக்கலாம்? கையால் எழுதி ஃபொட்டோகொப்பி அடித்த புலம்பெயர் இதழ்களை இயந்திரம் வாசிக்காது. பாமினி எழுத்துருவில் கோர்த்த கோப்பைத் திறந்தால், வாசிப்பு மென்பொருள் ஆங்கில எழுத்துகளை அர்த்தமில்லாமல் ஒப்புவிக்கும். எரிந்த நூலும் அவளுக்கு இல்லை. எரியாத நூலும் அவளுக்கு இல்லை.

இன்னொன்று, சொற்கள். அங்கவீனர், ஊனமுற்றோர், வலது குறைந்தோர், விசேட தேவையுடையோர், மாற்றுத்திறனாளி. பத்துப் பதினைந்து வருடங்களுக்கொருமுறை சொல்லை மாற்றிக்கொண்டு, மனதை மாற்றாமல் இருக்கிறோம். இன்றைய சொல்லைக் கொடுத்துத் தேடினால் அறுபதுகளின் செய்தி ஒன்றும் கிடைக்காது. பழைய சொல்லை அழிக்கவும் கூடாது. அழித்தால் அவமதிப்பு நடந்த தடயமே போய்விடும். ஆவணத்தில் அது கிடக்கட்டும். பக்கத்தில் இன்றைய சொல்லையும், அந்த மனிதர் தன்னை எப்படி அழைக்கிறாரோ அதையும் பட்டியலில் சேர்க்கவேண்டும்.

*

ஆகவே நான் கேட்பவை அதிகமில்லை. ஒழுங்குவிதியிலுள்ள அந்த விலக்கை, குறைந்தபட்சம் ஊனமுற்றோரைப் பற்றிய சேகரிப்புகளைப் பொறுத்தவரையாவது, நீக்கவேண்டும். இந்தச் சேகரிப்புகளைத் திறப்பதா மூடுவதா என்று தீர்மானிக்கும் குழுக்களில் அங்கே வாழ்ந்தவர்கள் ஊதியத்தோடு உட்காரவேண்டும். காவலாளியின் ஒவ்வொரு கோப்புத் தொகுதிக்கும் பக்கத்தில், உள்ளே இருந்தவர்களின் குரல் பதியப்படவேண்டும். அதற்கு ஆட்கள் உயிரோடிருக்கும் காலம் குறுகியது.

எம்மிடம் கேட்பது இன்னும் சிறியது. கைதடியில் படிப்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இன்னும் இருப்பார்கள். அங்கே படித்தவர்கள் கனடாவிலும் ஐரோப்பாவிலும்கூட இருக்கக்கூடும். அவர்களிடம் போய்ப் பேசி, பேச்சைப் பதிந்து, எழுத்தாக்கி, அவர்களுக்கே வாசித்துக் காட்டி, எதை வெளியிடலாம் என்று அவர்களிடமே கேளுங்கள். இதற்கு மானியமும் வேண்டாம், பல்கலைக்கழகமும் வேண்டாம். ஒரு கைத்தொலைபேசியும் சில சனிக்கிழமைகளும் போதும். எம் சிறுசஞ்சிகைகளை எண்ணிமப்படுத்தும் நண்பர்கள் அடுத்த இதழைப் படமாக எடுக்கமுன் ஒரு பக்கத்தையாவது தட்டச்சிப் பார்க்கட்டும். யாருக்காகச் சேமிக்கிறோம் என்பது அந்த ஒரு பக்கத்திலேயே விளங்கிவிடும்.